மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கப் போறீங்களா? ‘மரபணுப் பாதுகாப்பு டெஸ்ட்’ என்ன சொல்லும், என்ன சொல்லாது?

ஆலங்குளம் ஸ்டாப்பில் ராஜபாளையம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பத்து நிமிஷம் போதும். போனை எடுத்து ஸ்க்ரோல் செய்தால் மூன்றாவது ரீல்ஸிலேயே வந்துவிடும். “செல்களைப் பாதுகாக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்”, “100% இயற்கை”, “ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது”. கீழே ‘இப்போதே வாங்கு’ பட்டன். மூட்டுவலி என்று புலம்பும் அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஆர்டர் போட்டால் என்ன என்று மனசு கேட்கும். மஞ்சள்தானே, என்ன செய்துவிடப் போகிறது?

நல்ல எண்ணம்தான். ஆனால், அந்த ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன பரிசோதனை, எதன் மீது, எவ்வளவு டோஸில் என்று நாம் யாரும் கேட்பதில்லை. பரிசோதனைகளிலேயே முக்கியமான ஒன்று, அந்தப் பொருள் நம் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்துமா என்று பார்ப்பது. இதைத்தான் ‘மரபணு நச்சுத்தன்மைப் பரிசோதனை’ என்கிறார்கள். பெயர் பெரிசா இருக்கே என்று பயப்பட வேண்டாம். பிளஸ் டூ உயிரியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும், எளிதாகப் புரியும்.

டி.என்.ஏ-வை ஏன் தனியாக டெஸ்ட் செய்ய வேண்டும்?

ஒரு பொருள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாந்தி, பேதி, அலர்ஜி என்று உடம்பு சொல்லிவிடும். டி.என்.ஏ சேதம் அப்படி இல்லை. இன்று விழுந்த கீறல் பத்து, இருபது வருடங்கள் சத்தமில்லாமல் இருந்து, பிறகு புற்றுநோயாக வெளிப்படலாம். முட்டை, விந்தணு செல்களில் விழுந்தால் அடுத்த தலைமுறைக்கும் போகலாம். “நான் ஆறு மாசமா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகலையே” என்ற கமென்ட் இந்த விஷயத்தில் செல்லாது. அதனால்தான் ஆட்களிடம் கொடுப்பதற்கு முன்பே ஆய்வகத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

“ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதே டி.என்.ஏ-வைக் காப்பாற்றத்தானே? அதுக்கே எதுக்கு இந்த டெஸ்ட்?” நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் வில்லங்கமானது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மூலக்கூறு. அதை ஆபத்தான ஃப்ரீ ரேடிக்கலுக்குக் கொடுத்தால் நல்லது. பக்கத்தில் இருக்கும் இரும்பு, தாமிர அயனிக்குக் கொடுத்துவிட்டால், அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து புதிய ஃப்ரீ ரேடிக்கல்களை உருவாக்கும். வைட்டமின் சி-யே சோதனைக்குழாயில் தாமிரத்தோடு சேர்ந்தால் இந்த வேலையைச் செய்யும். எந்தப் பக்கம் சாயும் என்பதை டோஸும், சுற்றி இருக்கும் சூழலும்தான் முடிவு செய்கின்றன.

குழம்பு மஞ்சளும் கேப்ஸ்யூல் மஞ்சளும் ஒன்றா?

“பாட்டி காலத்துல இருந்து சாப்பிடறோம்” என்பதுதான் விளம்பரங்களின் முதல் வரி. ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மஞ்சள்தூளில் மஞ்சள் நிறம் தரும் குர்குமினாய்டுகள் தோராயமாக 3% இருக்கும். நம் வீட்டுச் சமையலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் மஞ்சள் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் குர்குமினாய்டு 60 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் ஒரு கேப்ஸ்யூலில் ‘500 மி.கி., 95% குர்குமினாய்டு’ என்று இருந்தால், அதில் 475 மில்லிகிராம். அதாவது, ஒரே கேப்ஸ்யூலில் கிட்டத்தட்ட எட்டு நாள் குழம்பு மஞ்சள்! காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் பதினாறு நாள்.

பாட்டி சாப்பிட்டது அந்த 60 மில்லிகிராம். அதுவும் எண்ணெய், புளி, பருப்போடு கலந்து வெந்தது. கேப்ஸ்யூலில் இருப்பது கரைப்பானில் கரைத்துப் பிரித்தெடுத்த சாறு. பாட்டியின் அனுபவம் சமையல் மஞ்சளுக்குச் சாட்சி. கேப்ஸ்யூலுக்கு அது சாட்சி ஆகாது. அதற்குத் தனி டெஸ்ட் வேண்டும்.

முதல் டெஸ்ட்: பாக்டீரியா சொல்லும் உண்மை

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் ஒரு எளிய சோதனையை உருவாக்கினார். இன்றும் உலகம் முழுக்க முதலில் செய்யப்படுவது அவர் பெயரில் உள்ள ‘ஏம்ஸ் டெஸ்ட்’தான்.

ஐடியா இதுதான். சால்மோனெல்லா பாக்டீரியாவின் மரபணுவை ஏற்கெனவே கெடுத்து வைத்திருப்பார்கள். அதனால், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை அதனால் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் வளராது. இப்போது ஹிஸ்டிடின் மிகக் கொஞ்சமாக மட்டும் உள்ள தட்டில் இந்த பாக்டீரியாவையும், சோதிக்க வேண்டிய பொருளையும் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் இரண்டு, மூன்று நாள் வைப்பார்கள். அந்தப் பொருள் டி.என்.ஏ-வை மாற்றக்கூடியது என்றால், சில பாக்டீரியாக்களில் கெட்டுப்போன மரபணு தற்செயலாகத் திரும்பச் சரியாகிவிடும். அவை புள்ளி புள்ளியாகத் தட்டில் வளரும். புள்ளிகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

எதுவும் சேர்க்காத தட்டிலும் சில புள்ளிகள் தானாக வரும். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்து, டோஸ் ஏற ஏற புள்ளிகளும் ஏறினால் சந்தேகம் வலுக்கும். ஒரு வகை பாக்டீரியா போதாது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு மாதிரியான டி.என்.ஏ மாற்றத்தைப் பிடிக்கும். அதனால் டி.ஏ.98, டி.ஏ.100 என்று குறைந்தது ஐந்து வகைகள், ஐந்து டோஸ்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள் என்பது சர்வதேச நடைமுறை. ஓ.இ.சி.டி. அமைப்பின் 471-ம் எண் வழிகாட்டி இதைச் சொல்கிறது.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது. நாம் விழுங்கும் பொருளைக் கல்லீரல் வேறொன்றாக மாற்றிவிடும். சில நேரம் சாதுவாக உள்ளே போனது விஷமாக மாறும். அதனால் எலியின் கல்லீரலை அரைத்து, சுழற்றித் தெளியவைத்த ‘எஸ்9’ என்ற கலவையைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் செய்வார்கள்.

இந்தத் தட்டுகளின் பலம் என்ன என்பதற்கு ஒரு சம்பவம். குழந்தைகளின் இரவு உடைகள் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க ‘ட்ரிஸ்’ என்ற ரசாயனத்தை அமெரிக்காவில் சேர்த்து வந்தார்கள். அது டி.என்.ஏ-வை மாற்றுகிறது என்று ஏம்ஸ் குழு எச்சரித்தது. 1977-ல் அந்த ரசாயனம் போட்ட குழந்தைகள் உடைகளுக்குத் தடை வந்தது.

இரண்டாவது டெஸ்ட்: பங்கு பிரிப்பதில் தகராறு

பாக்டீரியா வேறு, மனித செல் வேறு. அதனால் அடுத்து, மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் போன்ற செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். இங்கே கவனிப்பது குரோமோசோமை.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். நம்ம ஊர் பாகப்பிரிவினை மாதிரிதான். குரோமோசோம் உடைந்திருந்தால், ஒரு துண்டு எந்தப் பங்கிலும் சேராமல் வெளியே நின்றுவிடும். அந்தத் துண்டைச் சுற்றித் தனியாகக் குட்டி உட்கரு ஒன்று உருவாகும். இதுதான் மைக்ரோநியூக்ளியஸ். குட்டி உட்கரு உள்ள செல்கள் எத்தனை என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். குரோமோசோம் முறிவுகளை நேரடியாகப் பார்க்கும் சோதனையும் உண்டு.

மூன்றாவது டெஸ்ட்: உயிருள்ள உடம்பில்

கடைசியாக எலிகளுக்கு அந்தப் பொருளைக் கொடுத்து, அவற்றின் எலும்பு மஜ்ஜையில் குட்டி உட்கருக்கள் கூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். விஷத்தன்மை தெரியாத பொருளாக இருந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 2,000 மி.கி. வரை கொடுப்பார்கள். 60 கிலோ மனிதருக்கு அப்படியே கணக்குப் போட்டால் 120 கிராம்! ஒவ்வொரு எலிக்கும் குறைந்தது 4,000 செல்களை எண்ண வேண்டும். தேவைப்பட்டால் ‘காமெட்’ சோதனையும் செய்வார்கள். சேதமான டி.என்.ஏ ஜெல்லில் ஓடும்போது வால்நட்சத்திரம் மாதிரி வால் நீளும். சேதம் அதிகமானால் வாலும் நீளம்.

ஏன் மூன்று படிகள்? ஒன்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஏமாறுவது இரண்டு விதம். இரண்டுக்கும் நம் ஊர் தாவரங்களிலேயே உதாரணம் இருக்கிறது.

ஃபெயில் ஆகியும் தப்பித்த வெங்காயச் சத்து

வெங்காயம், முருங்கைக்கீரையில் இருக்கும் க்வெர்செடின் புகழ்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட். 1977-ல் ஏம்ஸ் டெஸ்டில் போட்டபோது அது மாட்டிக்கொண்டது. டி.என்.ஏ-வை மாற்றுகிறது என்று தட்டுகள் காட்டின. “அப்போ முருங்கைக்கீரை சாப்பிடக் கூடாதா?” என்ற கேள்வி வரும் அளவுக்கு விவகாரம் ஆனது.

உயிருள்ள விலங்குகளில் செய்த மரபணுச் சோதனைகளில் அந்தச் சேதம் பெரும்பாலும் தெரியவில்லை. காரணம் எளிது. நாம் சாப்பிடும் க்வெர்செடினைக் குடலும் கல்லீரலும் உடனே வேறு மூலக்கூறுகளோடு கட்டிப்போட்டுவிடுகின்றன. தட்டில் இருந்த பாக்டீரியாவுக்கு அந்தக் காவல் இல்லை. 1999-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, க்வெர்செடினை ‘மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த இயலாது’ என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. தைரியமாக முருங்கைக்கீரை பொரியல் சாப்பிடலாம்.

‘இயற்கை’ என்ற பெயரில் வந்த விபரீதம்

இப்போது எதிர்ப்பக்கம். நம்ம ஊர் கரிசல் காட்டு ஓரங்களில் ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி உண்டு. பெயரே சொல்கிறது, ஆடுகூடத் தொடாது. இந்தச் செடியும் இதன் உறவுக்காரச் செடிகளும் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருளைக் கொண்டவை. அது டி.என்.ஏ-வோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு கிளினிக் ஒன்றில் சீன மூலிகைகள் கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி தவறுதலாகக் கலந்துவிட்டது. நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று ஆனது. பழுதான சிறுநீரகங்களை அகற்றச் சம்மதித்த 39 பேரைப் பரிசோதித்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இந்த ஆய்வு 2000-ல் வெளியானது.

அரிஸ்டோலோகிக் அமிலம் ஏம்ஸ் டெஸ்டில் தெளிவாக மாட்டும் பொருள். இன்று அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் இருக்கிறது. அந்த கிளினிக்குக்குப் போனவர்கள் உடம்பு இளைக்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். ‘மூலிகைதானே’ என்று நம்பினார்கள்.

சரி, மஞ்சளின் மார்க் ஷீட் என்ன?

நம் நாட்டிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்விலிருந்து தொடங்கலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நீண்டகாலமாகப் புகைபிடிக்கும் 16 பேருக்குத் தினமும் 1.5 கிராம் மஞ்சள் வீதம் 30 நாள்கள் கொடுத்தது. புகைபிடிப்பவர்களின் சிறுநீரில் டி.என்.ஏ-வை மாற்றும் பொருள்கள் வெளியேறும். அந்தச் சிறுநீரை அதே ஏம்ஸ் டெஸ்டில் போட்டுப் பார்த்தபோது, மஞ்சள் சாப்பிட்ட பிறகு அந்தத் தன்மை குறைந்திருந்தது. 1992-ல் வெளியான இந்த ஆய்வில் கொடுத்த அளவைக் கவனியுங்கள்: 1.5 கிராம். கேப்ஸ்யூல் சாறு இல்லை; குழம்பில் போடும் அளவு மஞ்சள்.

குர்குமினைப் பொறுத்தவரை, பாக்டீரியா சோதனைகளில் பெரும்பாலும் பாஸ். அதிக அடர்த்தியில் வளர்ப்பு செல்களில் போட்டபோது சில ஆய்வுகளில் டி.என்.ஏ சேதம் தெரிந்தது. முன்னே சொன்ன அந்த இரட்டை வேடம்தான். 1993-ல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம், குர்குமின் செறிந்த மஞ்சள் சாறை எலிகளுக்கு இரண்டு வருடங்கள் கொடுத்த ஆய்வை வெளியிட்டது. அதில் சில இடங்களில் தெளிவில்லாத அறிகுறிகள் தெரிந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல், குர்குமின் புற்றுநோய் தரும் பொருள் இல்லை, மரபணு பற்றிய சந்தேகமும் நீங்கியது என்று முடிவு சொன்னது.

அதோடு ஒரு எல்லையையும் உறுதி செய்தது. உணவு நிறமியாகச் சேர்க்கும் குர்குமின், வாழ்நாள் முழுக்க தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வரை இருக்கலாம். 60 கிலோ எடை என்றால் 180 மி.கி. மேலே பார்த்த கேப்ஸ்யூலில் இருப்பது 475. இதனால் ஒரு கேப்ஸ்யூல் சாப்பிட்டால் விஷம் என்று அர்த்தமில்லை. விலங்குகளில் பாதிப்பு தெரியாத அளவை நூறால் வகுத்து, தாராளமான இடைவெளி விட்டுப் போட்ட கோடு அது. ஆனால், அந்தக் கோட்டைத் தாண்டி வருடக்கணக்கில் நடக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பாஸ் மார்க் வாங்கினால் மட்டும் போதுமா?

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ‘மரபணுவுக்குப் பாதுகாப்பானது’ என்றால், சோதித்த அந்தப் பொருள் நேரடியாக டி.என்.ஏ-வைச் சேதப்படுத்துவதாகத் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அது நல்லது செய்யும் என்றோ, வேறு கெடுதல் செய்யாது என்றோ அந்த டெஸ்ட் சொல்வதில்லை.

கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஏம்ஸ் டெஸ்டில் மாட்டாத பொருள். புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று ஃபின்லாந்தில் 29,133 ஆண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. 1994-ல் முடிவு வந்தது. தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக இருந்தது! அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் கொடுத்தார்கள். அங்கே 28% கூடியதும், 1996-ல் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2011-ல் வைட்டமின் ஈ மாத்திரைக்கும் இதே கதை. அதை எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியது. கேரட் குற்றவாளி இல்லை. பீட்டா கரோட்டினை மட்டும் தனியாக மாத்திரையாக்கித் தினமும் பெரிய டோஸில் கொடுத்ததுதான் பிரச்னை. உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ புகைபிடிப்பவர் என்றால், “சிகரெட்டை விட முடியலை, இதையாவது சாப்பிடுங்க” என்று பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் கேப்ஸ்யூல்கள் விஷயத்தில் பேச்சு கல்லீரல் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019-ல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. பிறகு அந்நாட்டு அரசு லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் சப்ளிமென்டால் கல்லீரல் பாதித்த 10 பேரின் விவரம் இருந்தது. 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். 10 பேரில் 7 பேரிடம் நோய் எதிர்ப்பு அமைப்பு சார்ந்த குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. அதாவது, ஒரு பொருள் நம் மரபணுவை ஒன்றும் செய்யாவிட்டாலும், நம் மரபணு அந்தப் பொருளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மிளகு சேர்த்தால் கதை மாறும்

குர்குமின் உடம்பில் எளிதில் சேராது. இதற்கு மாற்று கண்டதும் நம் நாட்டு விஞ்ஞானிகள்தான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக் குழு 1998-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் வெறும் 20 மி.கி. சேர்த்தபோது, மனிதர்களின் ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2,000% கூடியது. அதன் பிறகு பல கம்பெனிகள் கேப்ஸ்யூலில் மிளகுச் சாறு சேர்க்க ஆரம்பித்தன.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். சாதாரண குர்குமினுக்குச் செய்த பாதுகாப்பு டெஸ்டை, பல மடங்கு அதிகம் ரத்தத்தில் சேரும் புது ஃபார்முலாவுக்கு அப்படியே காட்ட முடியாது. அதை அந்த ஃபார்முலாவிலேயே செய்திருக்க வேண்டும். அடுத்து, குர்குமினைக் கழிவாக்கி வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. அதே தடையால் வேறு மாத்திரைகளும் உடம்பில் தேங்கலாம். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடுவதை இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேப்ஸ்யூலில் போட்ட சாறுக்கு இந்த எச்சரிக்கை முக்கியம்.

நம்ம ஊரில் யார் சோதிக்கிறார்கள்?

டெஸ்ட் ரிப்போர்ட்டை எந்த ஆய்வகமும் அடித்துக் கொடுத்துவிட முடியும். அதனால்தான் ‘ஜி.எல்.பி.’ என்ற நல்லாய்வக நடைமுறைச் சான்று இருக்கிறது. தட்டில் எண்ணிய புள்ளிகள் முதல் எலியின் எடை வரை எல்லாம் பதிவாகி, தணிக்கைக்குத் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் உள்ள ஒரு ஆணையம் இந்தச் சான்றைத் தருகிறது. 2011 மார்ச்சில் இந்தியா ஓ.இ.சி.டி-யின் பரஸ்பர ஏற்பு முறையில் முழுமையாகச் சேர்ந்தது. அதனால் இங்கே முறைப்படி செய்த டெஸ்டை ஐரோப்பா, அமெரிக்காவும் ஏற்கும். தமிழ்நாட்டிலேயே, தாம்பரம் தாண்டி படப்பையில் உள்ள சர்வதேச உயிரித்தொழில்நுட்ப, நச்சியல் நிறுவனம் இந்தச் சான்று பெற்ற ஆய்வகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? சப்ளிமென்ட்கள் மருந்து இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் விதிகளின் கீழ் வருபவை. விதியின் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்ற தாவரங்களைச் சேர்ப்பதற்கு, ஒவ்வொரு பிராண்டும் புதிதாக ஏம்ஸ் டெஸ்ட் செய்ய வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத புதுப் பொருள் என்றால், 2017 விதிகளின்படி பாதுகாப்புத் தகவல்களைக் காட்டி முன் அனுமதி வாங்க வேண்டும். ஆக, பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருப்பதும், அந்தக் கேப்ஸ்யூலுக்கு மரபணு டெஸ்ட் நடந்திருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

கலப்படம் தனிக்கதை. மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈய குரோமேட் சேர்ப்பது தெற்காசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதில் ஈயமும் உண்டு, டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும் வகைக் குரோமியமும் உண்டு. சுத்தமான சாறுக்குச் செய்த டெஸ்ட் எவ்வளவு அருமையாக இருந்தாலும், கலப்பட பேட்சைக் காப்பாற்றாது.

வாங்குவதற்கு முன் இந்த 7 விஷயங்கள்

1. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா? எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டு, கம்பெனி பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும், தினசரி அளவைத் தாண்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும். இந்த வரியைப் போட்டுவிட்டு விளம்பரத்தில் ‘சுகர் குணமாகும்’ என்றால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

3. சாறு எவ்வளவு, தூள் எவ்வளவு? ‘மஞ்சள் 500 மி.கி.’ என்பதும் ‘95% குர்குமினாய்டு 500 மி.கி.’ என்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

4. மிளகுச் சாறு, நானோ, ‘பல மடங்கு உறிஞ்சும்’ என்று இருந்தால், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சுகர் மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் கவனம்.

5. கம்பெனிக்கு மெயில் போடுங்கள். ‘உங்கள் இதே ஃபார்முலாவுக்கு ஏம்ஸ், மைக்ரோநியூக்ளியஸ் டெஸ்ட் செய்திருக்கிறீர்களா? ஜி.எல்.பி. ஆய்வகத்திலா? இந்த பேட்சுக்கு ஈயம், குரோமியம் பார்த்த ரிப்போர்ட் உண்டா?’ இந்த மூன்று கேள்விகளே போதும். நேர்மையான கம்பெனி பதில் சொல்லும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

6. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் அல்லது பித்தப்பைப் பிரச்னை உள்ளவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

7. சிறுநீர் அடர்மஞ்சள் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, பசியின்மை, உடம்பு அரிப்பு என்று எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மஞ்சள் சாப்பிடறதால மஞ்சளாப் போகுது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பொய் விளம்பரம், லேபிள் மோசடி என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 1800-112-100 இலவச எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம்.

அப்போ அம்மாவுக்கு என்ன வாங்கறது?

மூட்டுவலிக்கு முதலில் தேவை, அது என்ன வலி என்று தெரிந்துகொள்வது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அரசு மருத்துவமனைக்கு ஒருநாள் அம்மாவோடு நீங்களே போய்வாருங்கள். அவர் இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அதற்குப் பிறகும் கேப்ஸ்யூல் வேண்டும் என்று தோன்றினால், லேபிளை போட்டோ எடுத்து அதே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அதுவரைக்கும் குழம்பில் மஞ்சள் இருக்கிறது, ரசத்தில் மிளகு இருக்கிறது, பொரியலில் முருங்கைக்கீரை இருக்கிறது. அந்த அளவுக்குப் பாட்டியின் சாட்சி செல்லும். பஸ் வந்துவிட்டது என்றால் போனை உள்ளே வையுங்கள். ‘இப்போதே வாங்கு’ பட்டன் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.